ஒரு பலகையில் மலையக ரயில் பாதை: கட்டுவதும் வயர் இழுப்பதும்

மலையக ரயில் பாதையை இன்று உலகமே படம் பிடிக்கிறது. ஒன்பது வளைவுப் பாலம், மூடுபனி, நீல நிறப் பெட்டிகள், கதவோரம் தொங்கும் சுற்றுலாப் பயணிகள். அந்தப் படங்களில் பெரும்பாலும் இல்லாமல் போவது பாதையோரத்து லயன்களும் அங்கே வாழும் மக்களும்தான்.

1864 இல் அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில் ஓடியது. பாதை 1867 இல் கண்டியையும் 1874 இல் நாவலப்பிட்டியையும் 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. பண்டாரவளைக்கு 1894 இலும் பதுளைக்கு 1924 இலும் போய்ச் சேர்ந்தது. முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவே இந்தப் பாதை மலையேறியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த ஏராளமான தொழிலாளர்களின் உழைப்பு அதில் புதைந்திருக்கிறது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதே தண்டவாளத்தில் ஏறித்தான் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். அந்த ரயிலை மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தது. 1977 இலும் 1983 இலும் வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் அங்கே போரின் நடுவில் அகப்பட்டார்கள்.

வடக்கின் ரயில் நினைவு வேறு. 1990 இல் யாழ்தேவி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில்தான் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பலருக்கு ரயில் என்பது பெரியவர்கள் சொல்லும் கதை மட்டுமே.

இந்தப் பாதையை ஒரு பலகையில் சிறிதாகக் கட்டி, அதில் ரயிலை ஓட விடலாம். மாதிரி ரயில் பணக்காரரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஒரு பாடசாலை விஞ்ஞானக் கழகமோ தோட்டத்து இளைஞர் கழகமோ சேர்ந்து செய்தால், தண்டவாளம், பொயின்ட்ஸ், இயந்திரம் ஆகியவற்றைத் தவிர்த்து மற்றவற்றை உள்ளூரிலேயே தேடிக்கொள்ளலாம். பிள்ளைகள் அதில் அளவும் மின்சாரமும் கற்பார்கள். படங்களில் விடுபட்டவர்களைப் பலகையில் வைக்கவும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

எந்த இடத்தைக் கட்டுவது

முழுப் பாதையையும் கட்ட முயன்றால் எதுவும் முடியாது. முதல் பலகைக்குப் பொருத்தமான இடம் ஹட்டன் - கொட்டகலைப் பகுதி. முன்புறத்தில் ஹட்டன் நிலையம், பின்புறத்தில் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்கும் சற்றுக் கூடிய நீளமுள்ள இந்தச் சுரங்கம் நாட்டின் மிக நீளமான ரயில் சுரங்கமாகும். பாதையை நீள்வட்டமாக அமைத்து அதன் பின்பாதியை மலைக்குள் மறைத்துவிட்டால், ரயில் வட்டத்தில் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது. நிலையத்தை விட்டுப் போய், மலைக்குள் நுழைந்து, சற்று நேரம் காணாமற்போய் மறுபக்கம் வெளிவரும்.

அளவு: 1 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர்

கடைகளில் கிடைக்கும் எச்.ஓ., ஓ.ஓ. வகை மாதிரித் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீற்றர். இலங்கையின் அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீற்றர். ஒன்றை மற்றதால் வகுத்தால் ஏறக்குறைய 100 வரும். ஆகவே 1:100 என்ற அளவில் கட்டினால் தண்டவாளம் நம் பாதையின் உண்மையான அகலத்துக்கே பொருந்திவிடும். கணக்கும் இலகு. நிஜத்தில் 1 மீற்றர், பலகையில் 1 சென்ரிமீற்றர்.

எச்.ஓ. இயந்திரங்கள் 1:87 அளவிலும் ஓ.ஓ. இயந்திரங்கள் 1:76 அளவிலும் செய்யப்படுவதால் நம் கட்டடங்களுக்குப் பக்கத்தில் சற்றுப் பெரிதாகத் தெரியும். எச்.ஓ. வகை அவ்வளவு உறுத்தாது. பயணிகள் பெட்டிகளுக்கு மலிவான சரக்குப் பெட்டியின் அடிச்சட்டத்தை வாங்கி, மேற்கூட்டை மட்டையில் நீங்களே செய்துகொள்ளுங்கள்.

மலையகப் பாதையின் மிக இறுக்கமான வளைவுகளின் ஆரை சுமார் 100 மீற்றர். 1:100 இல் அது 1 மீற்றர் ஆகும். அதற்கு 2 மீற்றருக்கும் கூடிய அகலமுள்ள பலகை தேவை. எனவே வளைவை மட்டும் சுருக்கி 45 முதல் 50 சென்ரிமீற்றர் ஆரையில் வைப்போம். பெட்டிகள் 20 சென்ரிமீற்றரைத் தாண்டாமல் இருந்தால் இந்த வளைவில் சிக்காமல் ஓடும்.

பலகை

244 x 122 சென்ரிமீற்றர், அதாவது 8 அடிக்கு 4 அடி, அளவுள்ள ஒரு பிளைவூட் தாள் போதும். தடிப்பு 9 அல்லது 12 மில்லிமீற்றர். அடியில் 2 அங்குலத்துக்கு 1 அங்குலச் சட்டங்களால் ஒரு கூடு அடித்து, 40 சென்ரிமீற்றருக்கு ஒரு குறுக்குச் சட்டம் வையுங்கள். இல்லையேல் மலைநாட்டு ஈரத்தில் பலகை வளைந்துவிடும்.

10 அடிக்கு 12 அடி லயன் அறையில் இந்தப் பலகை கால்வாசி இடத்தை விழுங்கிவிடும். ஆகவே தாளை நடுவில் அறுத்து, 122 சென்ரிமீற்றர் சதுரமான இரண்டு பலகைகளாகச் செய்து, போல்ட் போட்டு இணையுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைக்கலாம். பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ தூக்கிச் செல்லலாம். பலகைகள் சேரும் இடத்தில் தண்டவாளம் இரண்டு தடவை கடக்கும். அங்கே விளிம்பையொட்டிப் பித்தளைத் திருகாணிகளை இறுக்கி, தண்டவாளத்தை அவற்றின் தலையில் சோல்டர் செய்த பிறகே அறுக்க வேண்டும். அப்போதுதான் முனைகள் அசையாது.

தண்டவாளத்தை நேரடியாகப் பலகையில் ஆணியடிக்காதீர்கள். பலகை பறைபோல அதிரும். மெல்லிய கோர்க் தாளையோ நுரை விரிப்புத் துண்டையோ அடியில் ஒட்டுங்கள். முதல் பலகையில் பாதை முழுவதும் சமதளமாகவே இருக்கட்டும். ஏற்றம் காட்ட வேண்டுமென்றால் பாதையை உயர்த்துவதைவிட, பாதையோரம் பலகையை வெட்டி நிலத்தைத் தாழ்த்துவது இலகு. பள்ளம் விழுந்தவுடன் பாதை மலைச்சரிவில் போவதாகத் தோன்றும்.

மின்சாரம்: 12 வோல்ட், அதற்கு மேல் வேண்டாம்

இந்த மாதிரி இயந்திரங்கள் 12 வோல்ட் நேரோட்டத்தில் ஓடுகின்றன. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது மறைமுனை. சக்கரங்கள் வழியாக மோட்டாருக்கு மின் போகிறது. முனைகளை மாற்றினால் இயந்திரம் பின்னோக்கி ஓடும்.

தேவையானவை இவை. 12 வோல்ட், 2 அம்பியர் நேரோட்டம் தரும் ஒரு அடப்டர். நேரோட்ட மோட்டாருக்கான ஒரு வேகக் கட்டுப்படுத்தி. ஆறு முனைகள் கொண்ட ஒரு இருவழி ஆளி. 2 அம்பியர் உருகி ஒன்று. முச்சக்கரவண்டியின் பிரேக் விளக்குக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்ப் ஒன்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளில் இவற்றைத் தேடலாம். மலையக நகரங்களின் வானொலி திருத்தும் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். பழைய ரவுட்டரின் அடப்டரும் பயன்படும். ஆனால் வெளியீடு 12 வோல்ட் நேரோட்டம்தானா என்று அதன் முதுகில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மடிக்கணினி அடப்டர் பெரும்பாலும் 19 வோல்ட் தரும். அது வேண்டாம்.

இணைக்கும் ஒழுங்கு: அடப்டர், உருகி, வேகக் கட்டுப்படுத்தி, திசை மாற்றும் ஆளி, பல்ப், தண்டவாளம்.

ஆளியின் நடு இரண்டு முனைகளில் கட்டுப்படுத்தியின் வெளியீட்டு வயர்கள் இரண்டையும் இணையுங்கள். ஒரு பக்கத்து இரண்டு முனைகளிலிருந்து தண்டவாளத்துக்கு வயர் போகட்டும். அதே இரண்டு முனைகளை மறுபக்கத்து முனைகளோடு குறுக்காக, பெருக்கல் குறிபோல இணையுங்கள். ஆளியைத் தட்டினால் திசை மாறும். ரயிலை நிறுத்திய பிறகே தட்ட வேண்டும்.

பல்ப், தண்டவாளத்துக்குப் போகும் ஒரு வயரின் நடுவில் தொடராக வர வேண்டும். சாதாரணமாக ஓடும்போது இயந்திரம் அரை அம்பியருக்கும் குறைவாகவே இழுப்பதால் பல்ப் எரியாது, அல்லது மங்கலாகச் சிவக்கும். பெட்டி தடம்புரண்டு உலோகச் சக்கரம் இரண்டு தண்டவாளங்களையும் தொட்டால் அது குறுஞ்சுற்று. அந்தக் கணமே பல்ப் பளிச்சென்று எரியும். எரியும்போது அதன் தடை கூடி, மின்னோட்டம் 1.75 அம்பியரைத் தாண்டாமல் தடுத்துவிடும். வயர் சூடாகாது, கட்டுப்படுத்தி கருகாது. 1 அம்பியர் அடப்டர் என்றால் 10 வாட் சிக்னல் பல்ப் போடுங்கள்.

தண்டவாளத்தின் ஒரு இடத்தில் மட்டும் வயர் கொடுத்தால், ரயில் தூரம் போகப் போக வேகம் குறையும். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சிறு தகடுகள் தளர்ந்தும் கறுத்தும் மின்னைத் தடுப்பதே காரணம். ஆகவே பலகையின் அடியில் 1.5 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு வயர்களை, சிவப்பும் கறுப்புமாக, பாதை போகும் வழியே இழுத்து வையுங்கள். அவை தாய் வயர்கள். ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு சோடி மெல்லிய வயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சோல்டர் செய்து, துளை வழியாக இறக்கி, தாய் வயரில் இணையுங்கள். சிவப்பு எப்போதும் வெளித் தண்டவாளம், கறுப்பு எப்போதும் உள் தண்டவாளம் என்று முதலிலேயே முடிவு செய்து அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். ஒவ்வொரு சோடியையும் இணைத்தவுடன் ரயிலை ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் இணைத்துவிட்டு ஒரே தடவையில் சோதித்தால், பிழை எங்கே என்று தேடி நாள் போகும்.

நிலையத்தில் இரண்டு ரயில்

மலையகப் பாதை ஒற்றைப் பாதை. ஏறும் ரயிலும் இறங்கும் ரயிலும் நிலையங்களில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில் மட்டும் இருக்க வேண்டும் என்பதற்காக டெப்லட் எனப்படும் உலோக வில்லையைச் சாரதியிடம் கொடுக்கும் முறை இந்தப் பாதையில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. டெப்லட் கையில் இல்லாமல் ரயில் நிலையத்தை விட்டுப் புறப்பட முடியாது.

இதே விதியைப் பலகையில் ஒரு ஆளியால் கொண்டுவரலாம். நிலையத்தின் முன் இரண்டு பாதைகளை வையுங்கள். அவை பிரியும் இடங்களில் பொயின்ட்ஸ் வரும். நடு முனை பிளாஸ்ரிக்கால் ஆன பொயின்ட்ஸை வாங்கினால் வயரிங் சிக்கலாகாது. இரண்டு பாதைகளிலும் வெளித் தண்டவாளத்தை மட்டும் இரு முனைகளிலும் பிளாஸ்ரிக் இணைப்பால் துண்டியுங்கள். உள் தண்டவாளம் பொதுவாகத் தொடரட்டும். துண்டித்த பகுதிகளுக்குச் சிவப்புத் தாய் வயரிலிருந்து ஒரு இருவழி ஆளி மூலம் மின் கொடுங்கள். ஆளி ஒரு பக்கம் இருந்தால் முதற் பாதைக்கு மின், மறுபக்கம் என்றால் இரண்டாம் பாதைக்கு. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஒரு ரயில் சுற்றி வந்து தன் பாதையில் முழுவதும் நின்ற பிறகு, பொயின்ட்ஸையும் ஆளியையும் மாற்றினால் மற்றது புறப்படும்.

அடுத்த கட்டம்: தெமோதரை

முதல் பலகை ஓடத் தொடங்கியதும் தெமோதரை வளையத்தை முயன்று பார்க்கலாம். அங்கே பாதை நிலையத்தைக் கடந்து, சுமார் 900 மீற்றர் வளைந்து இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தால் வெளியேறுகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையைச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, கணக்கு உண்மை. பாதையின் ஏற்றம் 44 க்கு 1. 900 மீற்றருக்குச் சுமார் 20 மீற்றர் இறக்கம் கிடைக்கும். நிலையத்துக்குக் கீழே ரயில் நுழைய அது தாராளம்.

பலகையில் அதே கணக்கைப் போடுவோம். ஒரு பாதை மற்றொன்றின் அடியில் போக, ரயிலின் உயரத்துக்கு 7, மேல் பலகையின் தடிப்புக்கு 1 என மொத்தம் 8 சென்ரிமீற்றர் வேண்டும். 55 சென்ரிமீற்றர் ஆரையில் ஒரு முழு வட்டம் 345 சென்ரிமீற்றர். 44 க்கு 1 என்றால் 7.8 சென்ரிமீற்றர் இறக்கம்தான். சற்றுப் போதாது. 40 க்கு 1 என்று வைத்தால் 8.6 கிடைக்கும். 122 சென்ரிமீற்றர் சதுரத்தில் இந்த வட்டம் அடங்கிவிடும். வளைவிலேயே ஏற வேண்டியிருப்பதால் ஒரு இயந்திரத்துக்கு மூன்று பெட்டிகளுக்கு மேல் கோர்க்காதீர்கள்.

இப்படி வளைந்தால் குறுஞ்சுற்று ஏற்படாதா என்ற சந்தேகம் வரலாம். தன் வாலையே கடிக்கும் பாம்புபோலப் பாதை திரும்பி வந்து தன்னோடு சேர்ந்தால்தான், சிவப்புத் தண்டவாளம் கறுப்பைத் தொட்டுக் குறுஞ்சுற்று ஆகும். தெமோதரையில் பாதை தன் அடியால் கடந்து போகிறது, தன்னோடு சேரவில்லை. சாதாரண வயரிங்கே போதும்.

மலையும் மனிதரும்

மலைக்கு மட்டைக் கீலங்களால் கூடு பின்னி, அதன்மேல் பத்திரிகைத் துண்டுகளை மூன்று நான்கு அடுக்காக ஒட்டுங்கள். கோதுமை மாப் பசையில் பூஞ்சணம் பிடிக்கும், எலியும் வரும். பைண்டர் கம்மில் சிறிது தண்ணீர் கலந்து பயன்படுத்துவது நல்லது. சுரங்கத்தின் மேல்மலை தூக்கி எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். ரயில் தடம்புரள்வது பெரும்பாலும் கைக்கு எட்டாத இடத்தில்தான். சுரங்கத்துக்குள் பொயின்ட்ஸ் வைக்கவே வேண்டாம்.

மண்ணுக்குக் குடித்து முடித்த தேயிலைச் சக்கையைவிட நல்ல பொருள் இல்லை. இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே ஒட்டுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தேயிலைச் செடிக்குப் பஞ்சை நறுக்கிப் பச்சைச் சாயம் ஏற்றுங்கள். ஒரு செடி 1 சென்ரிமீற்றர் அகலத்தில், தலை மட்டமாக, சரிவின் குறுக்கே வரிசையாக நிற்க வேண்டும். சிதறிக் கிடந்தால் அது தேயிலை மலையாகத் தெரியாது.

பலகையில் ஸ்டோரும் துரை பங்களாவும் மட்டும் போதாது. லயன், பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், பிள்ளைக்காம்பரா, மாடசாமி கோயில் ஆகியவை எங்கே இருந்தன என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். ஒரு லயன் அறை பலகையில் 3 சென்ரிமீற்றருக்கு 3.7 சென்ரிமீற்றர்தான். முதுகோடு முதுகாக 12 அறைகள் கொண்ட இரட்டை லயனின் அறைகளை அளந்து வைத்தால் 18 சென்ரிமீற்றர் நீளம் வரும். அதில் எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன என்பதை ஒரு பிள்ளை தன் கையாலேயே அளந்து புரிந்துகொள்ளும். நிலைய மேடையில் பெட்டிகளோடும் மூட்டைகளோடும் நிற்கும் ஒரு கூட்டத்தையும் வைக்கலாம். அவர்கள் யார், எங்கே போனார்கள் என்று பார்ப்பவர் கேட்பார். சொல்வதற்கு ஆள் இன்னும் இருக்கும்போதே அந்தக் கேள்வி வரட்டும்.

லயனின் உள்ளே விளக்கு வைக்க மூன்று வெள்ளை எல்.ஈ.டி.களைத் தொடராகக் கோர்த்து, 330 ஓம் தடையொன்றைச் சேர்த்து, 12 வோல்ட் அடப்டரிலிருந்து, உருகிக்குப் பிறகு, நேராக மின் எடுங்கள். தண்டவாளத்திலிருந்து எடுத்தால் ரயில் நிற்கும்போது விளக்கும் அணைந்துவிடும்.

நுவரெலியாப் பக்கத்து ஈரக்காற்றில் தண்டவாளம் சீக்கிரம் கறுக்கும். ஓட்டுவதற்கு முன் பஞ்சில் சிறிது ஸ்பிரிட் நனைத்துத் தண்டவாளத்தின் மேல்முகத்தைத் துடையுங்கள். அது உலர்ந்த பிறகே மின் கொடுங்கள். மண்தாள் தேய்த்தால் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

பலகையிலிருந்து கூரைக்கு

தோட்டங்களில் லயன்கள் எரிந்துபோன செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மின்கசிவே காரணமாக இருக்கலாம் என்று பல தடவைகளில் சந்தேகிக்கப்படுகிறது. ஒரே கூரை என்பதால் ஓர் அறையில் பிடித்த தீ வரிசை முழுவதையும் கொண்டுபோகிறது. உடுப்பு, அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் என எல்லாம் போய்விடுகின்றன.

இந்தப் பலகையில் வேலை செய்த பிள்ளைக்குக் குறுஞ்சுற்று என்றால் என்னவென்று கண்ணால் தெரியும். மெல்லிய வயரில் அதிக மின்னோட்டம் போனால் சூடேறும் என்பதும், உருகி எரிந்தால் அதற்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி வைக்கக் கூடாது என்பதும் தெரியும். அதே கண்ணால் வீட்டுக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே பிளக்கில் எத்தனை வயர்கள் தொங்குகின்றன, எங்கே உறை உரிந்திருக்கிறது, எந்த இணைப்பு வெறும் நாடாவால் சுற்றப்பட்டிருக்கிறது, எந்த ஆளி தொட்டால் சுடுகிறது, பயணச் சுற்றுடைப்பான் இருக்கிறதா என்று குறிப்பெடுக்கட்டும். எதையும் தொட வேண்டாம். 12 வோல்ட்டில் செய்ததை 230 வோல்ட்டில் செய்து பார்க்கக் கூடாது. அது உயிரை எடுக்கும். குறிப்பை அந்த லயனிலுள்ள குடும்பங்கள் எல்லாம் கையெழுத்திட்டு, தோட்ட நிர்வாகத்துக்கும் மின் விநியோக நிறுவனத்தின் பிரதேச அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைத் திகதியிட்டு வைத்திருங்கள்.

வேலையை இந்த மாதம் தொடங்க நினைப்பவர்கள் பிளைவூட் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். ஒரு அடப்டர், ஒரு பல்ப், இரண்டு தண்டவாளத் துண்டுகள், ஒரு பழைய ஆணி. பல்பைத் தொடராகப் போட்டு, ஆணியைத் தண்டவாளங்களின் குறுக்கே வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முதல் பாடம் அதுதான்.